கை பழகாத வகுப்பு

கொள்ளைநோய் ஓய்ந்து நர்சிங் கல்லூரி மறுபடி திறந்தபோது, இறுதியாண்டு மாணவிகள் பாடங்களைக் கைபேசியிலேயே படித்து முடித்திருந்தார்கள். ஊசி போடப் பழகியது தலையணையில், ரத்த அழுத்தம் பார்க்கப் பழகியது பொம்மையில். ஆஸ்பத்திரி ஆள் கேட்டு நச்சரித்த காலத்தில், பாதுகாப்பு உடை தராமல் ஒரு பிள்ளையையும் அனுப்ப முடியாது என்று கல்லூரி முதல்வர் ஒற்றைக்காலில் நின்றார். உடை கடைசிவரை வரவில்லை. பிள்ளைகளும் போகவில்லை.

தேர்வில் எல்லோரும் தேறினார்கள். சான்றிதழில் கையெழுத்துப் போடும் முன் முதல்வர் அவர்களை வார்டுக்கு அழைத்துப் போனார். அவர்களில் ஒருத்தியான தன் அண்ணன் மகளிடம் ஒரு நோயாளிக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார். அவள் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்த கையிலேயே பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். குழாயில் ரத்தம் பின்னால் ஏறியது. நோயாளி முனகியதும் அவள் காதில் விழவில்லை.

"பொம்மைக்கு ட்ரிப் இருக்காது மேடம்," என்றாள் பக்கத்தில் நின்றவள், தோழிக்குப் பரிந்து.

மறுநாள் அறிவிப்பு வந்தது. ஆறு மாதம் வார்டில் பயிற்சி, அதற்குப் பிறகே சான்றிதழ். பெற்றோர் திரண்டு வந்தார்கள். அன்றைக்கு அனுப்பாததும் நீங்கள், இன்றைக்குப் பழகவில்லை என்பதும் நீங்களா என்று கேட்டார்கள். ரெண்டுமே நான்தான் என்றார் முதல்வர்.

மாலையில் அண்ணன் முதல்வரின் வீட்டுக்கே வந்தார். மகளுக்கு வெளிநாட்டு வேலை உறுதியாகியிருந்தது.

"சொந்த மருமக பொழப்புல மண்ணை அள்ளிப் போடுறியே."

"நாளைக்கு நீயே ஆஸ்பத்திரில படுத்தா, இப்ப இருக்கிற அவகிட்ட கையை நீட்டுவியாண்ணா?"

அண்ணன் காபியைத் தொடாமலே எழுந்து போனார். அந்த வேலையும் கைநழுவிப் போனது.

முதல்வர் தினமும் காலையில் வார்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தே காலம் போனதில் அவர் கையும் பழக்கம் விட்டிருந்தது. மாணவிகள் பார்த்திருக்க, ஒரு கிழவருக்கு நரம்பு பிடிக்கப் போய் இரண்டு முறை தவறவிட்டார்.

கிழவர் அவர் நரைமுடியைப் பார்த்தார். "இந்தம்மாவும் படிக்கிற பொண்ணுதானா?"

"ஆமாங்க," என்றார் முதல்வர். மாணவிகள் சிரித்துவிட்டார்கள். அதுவரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசாத மருமகள் பஞ்சை எடுத்து நீட்டினாள்.

இடையில் சிலர் படிப்பையே விட்டுப் போனார்கள். மற்றவர்கள் சான்றிதழ் வாங்கினார்கள். மருமகள் ஊரிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அண்ணன் இன்னும் பேசுவதில்லை. விடுமுறை நாளில் மகள் மட்டும் அத்தை வீட்டுக்கு வருகிறாள். வந்தால் பெரும்பாலும் தூங்குகிறாள்.