சனிக்கிழமைப் பூஜ்யம்

வெல்டர் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனைவியின் தாடையை உடைத்ததற்காக நீதிமன்றம் ஆலோசனைக்கு அனுப்பிவைத்த ஆள். சனிக்கிழமை தோறும் அறைக்குள் நுழையுமுன் டேப்லெட்டில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தர வேண்டும்: இப்போது உங்கள் கோபம் பத்துக்கு எவ்வளவு? ஆரம்பத்தில் ஒன்பது. பிறகு திரையில் வரைபடக் கோடு சரசரவென்று இறங்கி, இப்போது பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

அந்தக் கோட்டின் மேல் ஆலோசகருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஆள் திருந்திவிட்டான் என்று இன்று அவள் கையெழுத்துப் போட்டால் வழக்கு முடிந்தது. அதன் பிறகு அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறதென்று எவரும் கேட்கப்போவதில்லை.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸ் மேடம். பேனா இல்லைன்னா நானே தர்றேன்," என்று நீட்டினான்.

நீட்டிய கையின் விரல் முட்டிகள் உரிந்திருந்தன. ரத்தம் காயவில்லை.

"என்னாச்சு?"

"நம்ம பொழப்பு அப்படி. இரும்பு பட்டுருச்சு."

"சனிக்கிழமை பட்டறை லீவுன்னீங்களே?"

அவன் சிரித்தான். அவள் எழுந்து வெளியே போனாள். காத்திருப்பு அறையில் அவன் மனைவி விலாவை அழுத்திப் பிடித்தபடி ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள்.

"எப்பம்மா அடிச்சார்?"

"கிளம்புறதுக்கு முன்னாடி." மூச்சு விடவே சிரமப்பட்டாள். "இப்பல்லாம் சனிக்கிழமை மட்டும்தான் மேடம். மத்த நாளெல்லாம் பல்லைக் கடிச்சிட்டு இருப்பாரு. இங்க வர்றப்ப மனசுல ஒண்ணும் இருக்கக் கூடாதாம். பொய் மார்க் போட மாட்டேன்பாரு."

அவன் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. அடித்து ஓய்ந்து வந்தவனிடம்தான் ஆலோசகர் வாராவாரம் கோபத்தை அளந்திருக்கிறாள். அடி வாங்கியவளை ஒரு நாளும் கேட்கவில்லை.

"போட்டுக் கொடுத்துட்டியாடி?"

கதவருகே நின்றான். அடுத்த கணம் மனைவியின் கூந்தல் அவன் பிடியில் இருந்தது. தலையைச் சுவரில் மோதினான். குறுக்கே போன ஆலோசகரின் வாயில் குத்து விழுந்தது. உதடு கிழிந்தது, பல் ஒன்று ஆடியது. அவள் கழுத்தைப் பிடித்து, டேப்லெட் வைத்திருந்த மேசையில் அமுக்கினான். டேப்லெட் தரையில் விழுந்து நொறுங்கியது.

"கையெழுத்துப் போடு! பூஜ்யம் போட்டேன்ல? போடு!"

ஆலோசகருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பேனாவை அவள் விரல்களுக்குள் திணித்தான். அவள் அதை உதறினாள்.

இரும்பு நாற்காலி இறங்கியது. மேசை மேல் ஊன்றியிருந்த அவன் மணிக்கட்டில் எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அலறிக்கொண்டு மண்டியிட்டான். மனைவி நாற்காலியை மறுபடியும் தலைக்கு மேல் தூக்கியிருந்தாள்.

சத்தம் கேட்டு ஓடி வந்த வாட்ச்மேன் அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் முட்டியை ஊன்றினார். "யம்மா, கீழ வைம்மா! போலீஸுக்குச் சொல்லியாச்சு!"

அவள் வைக்கவில்லை. ஆலோசகரைப் பார்த்தாள்.

"கையெழுத்து?"

ஆலோசகர் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். "போட மாட்டேன்."

மனைவி நாற்காலியைத் தரையில் வைத்து, அதிலேயே உட்கார்ந்தாள்.