நான்கு வாக்கியங்களின் எடை

ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பெண் மொழிப் பரீட்சையில் எழுதிய பக்கத்தை நான்கு பேர் சேர்ந்தும் மேசையிலிருந்து தூக்க முடியவில்லை. ஸ்டூல் மேல் ஏறி நின்று செல்போனில் படம் எடுத்துத்தான் மென்பொருளுக்கு அனுப்பினார்கள். பிழைக்க வந்தவர்கள் புது மொழியில் எழுதும் வாக்கியம் எவ்வளவு நீளம், எத்தனை அடுக்கு என்று அளந்து மதிப்பெண் போடுவது அதன் வேலை. எதை எழுதினாலும் குறை கண்டதால் அதற்கு மாமியார் என்று பேர் வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'மகளுக்குக் காய்ச்சல். நான் வேலைக்குப் போனேன். திரும்பி வந்தேன். மகள் இல்லை.' மாமியாருக்கு எடை பார்க்கத் தெரியாது, பூஜ்யம் போட்டது.

தேறினால்தான் ஊரில் தங்கையிடம் விட்டுவந்த மகனை அழைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கும். மகளை மட்டும்தான் கையோடு கூட்டி வந்திருந்தாள். வேறு எதையாவது எழுதலாமே என்றால், அந்த நாளைத் தவிர வேறெதற்கும் அவள் பேனா மை விடவில்லை. டீச்சர் நல்ல மனுஷி, உட்கார வைத்துச் சொன்னார்.

"நாலையும் சேத்து எழுதுங்கம்மா. 'அதனால'ன்னு ஒண்ணு போட்டாப் போதும், பாஸ் ஆயிடுவீங்க."

"சேத்தா, நான் வேலைக்குப் போனதாலதான் அவ போயிட்டான்னு ஆயிடும், டீச்சர்."

தானே எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுகூட டீச்சர் நினைத்தார். ஆனால் அழுதாலும் பிள்ளை அவள்தானே பெற வேண்டும்.

வருஷங்கள் போயின. பரீட்சைக்குப் பரீட்சை அதே நாலு வாக்கியம். கால் உடைந்த மேசைகளை மாற்றி மாளவில்லை. ஊரில் மகனுக்குக் குரல் உடைந்தது. ஒரு நாள் போனில், அவன் சித்தியை அம்மா என்று கூப்பிடுவது காதில் விழுந்தது. அடுத்த பரீட்சையில், காய்ச்சலோடு கிடந்த மகளை விட்டுவிட்டு நான் வேலைக்குப் போனதால்தான் திரும்பி வந்தபோது அவள் இல்லாமல் போயிருந்தாள் என்று ஒரே மூச்சில் எழுதினாள். யார் பக்கத்தில் இருந்திருந்தாலும் பிள்ளை பிழைத்திருக்காது என்று டாக்டரே சொல்லியிருந்தார். மாமியார் முதல்முறையாக ஒரு மருமகளை மெச்சியது: நூற்றுக்கு நூறு. பக்கம் மேசையிலிருந்து தானாக எழும்பி, மின்விசிறிக் காற்றில் ஜன்னல் வழியாகப் போய்விட்டது. எழுந்து நடந்தவளின் செருப்பு சிமெண்டுத் தரையில் விரற்கடை ஆழம் பதிந்தது.

மகன் வந்து சேர்ந்தான், அவளைவிட உயரமாக. அவள் நடந்த தெருவெல்லாம் குழி விழுந்தது. நகராட்சி ஆட்கள் அடைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். மழைத் தண்ணீர் நிற்கும் அந்தக் குழிகளைத் தாண்டிப் போகத் தெருக்காரர்கள் பழகிவிட்டார்கள். வேலை கிடைத்த அன்று மகன் சந்தோஷத்தில் அம்மாவை அப்படியே தூக்கப் பார்த்தான். அவள் அசையவில்லை.

"என்னம்மா, இவ்வளவு கனமா இருக்க?"

"வயசாச்சுல்லப்பா," என்றாள். அவனும் சரியென்று சாப்பிட உட்கார்ந்தான்.