‘இனம்’ என்ற கட்டத்தில் நான் எழுதியது

பல் மருத்துவர் ஒருவரிடம் தொலைபேசி எடுப்பதும் நேரம் குறித்துக் கொடுப்பதும் என் வேலை. புதன்கிழமை விடுமுறை. அன்று நெதர்லாந்தின் ஐசல் ஆற்றங்கரையில் இருக்கும் விலங்குக் காப்பகத்துக்குப் போய்ச் சம்பளமில்லாமல் பூனைகளைக் கவனித்துக்கொள்வேன். பதினோரு வருடப் பழக்கம். பூனை விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று ஒரு நினைப்பு இருந்தது.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை, படகுத்துறையில் நனைந்து கிடந்ததாகச் சொல்லி ஒருவர் ஒரு கடுவன் பூனையைக் கொண்டுவந்தார். துவட்டி உலர்த்திய பிறகு பார்த்து அசந்துபோனேன். கழுத்தைச் சுற்றிப் பிடரி மயிர், குஞ்சம் வைத்த காது, விசிறி போல வால், பழுப்பு உடம்பில் கறுப்பு வரிகள். தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு இல்லை. கணினியில் ‘இனம்’ என்ற கட்டத்தில் ‘நார்வே காட்டுப் பூனை’ என்று அடித்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை.

அதற்கு அடுத்த புதன்கிழமை ரின்ஸ்கே என்ற பெண் தொலைபேசியில் அழைத்தாள். எங்கள் ஊரில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவள், வடக்கே க்ரோனிங்கன் நகருக்கு வீடு மாறியிருந்தாள். சாமான் ஏற்றிய அன்று கதவு திறந்திருக்க, பூனை ஓடிவிட்டது.

“என்ன இனம்?” என்றேன்.

“இனமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பண்ணை வீட்டுல பொறந்தது. சாதாரண வரிப் பூனை, ஆண். முடி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. ‘போல்ல’ன்னு கூப்பிடுவேன்.”

நான் ‘வீட்டுப் பூனை, வரி’ என்று தேடினேன். நாலு வந்தன. நாலும் பெண்.

“இல்லையேம்மா” என்றேன்.

அடுத்த வாரமும் கூப்பிட்டாள், அதற்கடுத்த வாரமும். மூன்று முறையும் இல்லை என்றே சொன்னேன். முதல் முறை சொன்னபோது ‘போல்ல’ என்கிற அந்தப் பூனை என் மேசையிலிருந்து நாலு எட்டில், கூண்டுக்குள் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் யாரும் கேட்டு வராவிட்டால் தத்துக் கொடுக்கலாம் என்பது விதி. சந்தையில் பாலாடைக்கட்டிக் கடை வைத்திருக்கும் லாமெர்ட் அதைக் கொண்டுபோனார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருப்பவர். ஓலாவ் என்று நார்வே ராஜாக்களின் பெயரை வைத்து, கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படம் காட்டினாராம்.

டிசம்பரில் ஒரு புதன்கிழமை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

“ஏம்மா ஹென்னி, என் மானத்த வாங்கிட்டியே!”

“என்னாச்சு?”

“நார்வே பூனை வளக்குறவங்க சங்கத்துல ஒரு அம்மா இருக்காங்க. பெருமையா தூக்கிட்டுப் போனேன். மூக்கப் பாத்தாங்க, தாடையப் பாத்தாங்க. ‘இது நார்வேயும் இல்ல, ஸ்வீடனும் இல்ல. அப்பன் ஆத்தா யாருன்னு காகிதம் இருக்கா? முடியும் வரியும் எந்தப் பூனைக்கும் வரும், அது போட்டுருக்குற சட்டை மாதிரி. இது அசல் பண்ணை வீட்டுப் பூனை’ன்னு சிரிச்சிட்டாங்க. சந்தையே என்னைப் பாத்து ‘ராஜா எப்படி இருக்காரு’ன்னு கேக்குது!”

அவர் கோபத்தில் பாதி விளையாட்டுதான். நான் சிரிக்கவில்லை. பண்ணை வீடு, வரி, முடி கொஞ்சம் ஜாஸ்தி. காணாமல் போனவற்றின் பட்டியலைத் திறந்தேன். ரின்ஸ்கே அனுப்பியிருந்த படம் அதிலேயே இருந்தது. அதுவரை நான் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். வெகுநேரம் பார்த்தார்.

“சட்டப்படி அவன் என் பூனை” என்றார்.

“ஆமா.”

“ஆறு வாரமா என் காலடியிலதான் தூங்குறான்.”

“தெரியும். தப்பு என்னோடது, லாமெர்ட்.”

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, நான் வேலையில் இருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு வந்தது. “அந்தப் பொண்ண வரச் சொல்லு. பாத்துட்டுப் போகட்டும். அவ்வளவுதான்.”

அடுத்த புதன்கிழமை ரின்ஸ்கே முதல் ரயிலில் வந்தாள். கையில் பூனைக்கூடை எதுவும் கொண்டுவரவில்லை. முன்பே வந்திருந்த லாமெர்ட் தன் கூடையைத் திறந்தார். பூனை வெளியே வந்து சுவரோரமாக அறையை ஒரு சுற்று முகர்ந்தது. அவள் கூப்பிடவில்லை. கோட்டோடு தரையில் உட்கார்ந்தாள். அது அருகில் வந்து அவள் கையை முகர்ந்தது. பிறகு மடியில் ஏறி, முன்னங்கால்களை அவள் தோளில் வைத்து, நெற்றியை அவள் மோவாயில் முட்டி முட்டித் தேய்த்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

லாமெர்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எங்கிட்ட இப்படிப் பண்ணதே இல்ல.”

பிறகு சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் பொதிந்த ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“பழைய கௌடா சீஸ். ராத்திரிக்கு நகத்தளவு கிள்ளிப் போடு. ருசி கண்டுட்டான், இல்லாட்டி கத்தித் தீத்துடுவான். கூடையும் உனக்குத்தான்.”

“சார், நான்...”

“எதுவும் சொல்லாத தாயி. நான் கிளம்புறேன், கடை இருக்கு.”

புதன்கிழமை சந்தை கிடையாது. வெளியே அவர் வண்டி நகர வெகுநேரமானது.

ரின்ஸ்கே என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

“நான் முதல்ல போன் பண்ணப்ப இங்கதான இருந்தான்?”

“இங்கதான். அதோ அந்தக் கூண்டு.”

“சாப்டானா?”

“முதல் ரெண்டு நாள் சாப்பிடலியாம். அப்புறம் நல்லா சாப்டான்.”

“பயந்திருந்தானா?”

நான் நாற்காலியை விட்டிறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அது எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தது, பக்கத்துக் கூண்டுக் கிழட்டுப் பூனையோடு கம்பி வழியே எப்படி முகர்ந்துகொண்டது, மழை பெய்தால் எப்படி ஜன்னலையே பார்த்தது என்று எனக்குத் தெரிந்ததையும், மற்ற நாட்களில் வேலை செய்கிறவர்கள் சொல்லிக் கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். பதினொன்றரை ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் போனாள்.