காலி அடுப்பு

வேம்புவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வினை அதில்தான் வந்தது.

தட்டாஞ்சாவடி ரஸ்க் கம்பெனியில் அவளும் மெரினும் மதிய ஷிப்ட். இரண்டு வீட்டிலும் அடுப்பெரிவது இவர்கள் சம்பளத்தில்தான். ஒருநாள் அரசாங்கத்தின் மின்சிக்கன ஆபீசிலிருந்து கோபிநாத் வந்தார். கரண்ட் அடுப்புக்குத் தனி மீட்டர் மாட்டினார். ஷிப்டுக்கு ஒரு நோட்டு கொடுத்தார். அரை மணிக்கொரு தரம் மீட்டர் கணக்கையும், உள்ளே எத்தனை தட்டு வேகிறது என்பதையும் எழுத வேண்டும்.

"உள்ளத உள்ளபடி எழுதுங்கம்மா."

அடுப்பு இருபது தட்டு கொள்ளும். மதியம் ஆறோ ஏழோதான் வேகும். அடுத்த மாவு வரும்வரை சும்மா எரியும். அணைத்தால் மறுபடி சூடேற முக்கால் மணி ஆகும் என்று யாரும் அணைப்பதில்லை. அந்த நேரத்துக்கெல்லாம் வேம்பு 'காலி' என்று எழுதினாள்.

"எக்கா, கலெக்டர் பரிச்சையா எழுதுற? முழுசுன்னு போட்டுட்டு வா. காலை ஷிப்ட்டு அப்டித்தான் போடுது" என்றாள் மெரின்.

"கவர்மெண்ட்டு நோட்டுடி."

மாதம் முடிந்து அறிக்கை வந்தது. முதலாளி லூர்துபிரகாஷ் இருவரையும் கூப்பிட்டார். மதிய மாவையும் காலையிலேயே சேர்த்துப் போட்டு, அடுப்பை ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டினால் போதுமாம்.

"ஒண்ணாந்தேதிலேர்ந்து மதிய ஷிப்ட் கெடையாதும்மா. காலையில ஆள் இருக்கு."

மெரின் வேம்புவைத் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கடைசி நாள் கோபிநாத் ஒரு சான்றிதழோடு வந்தார். சிறந்த பதிவாளர் என்று போட்டு வேம்புவின் பெயர்.

"ஒங்க நோட்டு இல்லன்னா கண்டுபிடிச்சே இருக்க முடியாதும்மா."

"எங்க ரெண்டு பேருக்கும் வேல போச்சு சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்க கரண்ட் யூனிட்டத்தாம்மா பாக்கறோம். ஆள் விஷயம் கம்பெனியோடது."

"திருத்தி எழுதிக் குடுத்தா?"

"ரிப்போர்ட்டு மேல போயிடுச்சும்மா."

அவர் போனார். மணி மூன்றரை. மாவு இன்னும் வரவில்லை. அடுப்பு சும்மா எரிந்துகொண்டிருந்தது. வேம்பு நோட்டை எடுத்தாள். 'இருபது தட்டு. முழுசு' என்று முத்து முத்தாக எழுதினாள்.

மெரின் எட்டிப் பார்த்தாள்.

"இப்ப எழுதி?"