சுருக்கி அனுப்பிய காது

காது பார்க்கும் கேமராக் குழாயின் முனை சில்லென்றிருந்தால் பிள்ளை துள்ளிவிடும். மாத்ரோனா அதை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி, ஆறு வயது எலேனாவின் வலது காதுக்குள் மெல்லச் செலுத்தினாள். திரையில் செவிப்பறை சிவந்து தெரிந்தது. அதன் மேல் ஓரத்தில் மீன்முட்டை போல ஒரு வெள்ளைப் புள்ளி.

"ஆடாதேடி கண்ணு. ஆடினா காதுக்குப் பதிலா உன் மூக்கு போயிடும் டாக்டருக்கு."

எலேனா சிரிக்கவில்லை. பள்ளிக்கூடச் சமையலறை ஏப்ரனோடு ஓடி வந்திருந்த அவள் அம்மா நஸ்தாசியா, மகளின் தலையை அழுத்திப் பிடித்திருந்தாள்.

அலாஸ்காவில் எங்கள் ஆற்றோர ஊரில் வைத்தியத்துக்கு மாத்ரோனா ஒருத்திதான். டாக்டர் இருப்பது விமானத்தில் ஒரு மணி நேரத் தொலைவில். படங்கள் செயற்கைக்கோள் வழியாகப் போகும். முழுப் படம் போக நாற்பது நிமிடம், காற்றடித்தால் பாதியில் அறுந்துவிடும். 'சுருக்கியே அனுப்பவும்' என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் இயந்திரத்தின் மேல் தாள் ஒட்டியிருந்தார்கள். மாத்ரோனா பொத்தானை அழுத்தினாள். படம் இருபதில் ஒரு பங்கானது. வெள்ளைப் புள்ளி விளக்கின் பளபளப்போடு கலந்துவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் போனில் வந்தார்.

"சாதாரண காதுவலிதான். நீங்க எழுதியிருக்கிற வெள்ளைப் புள்ளி விளக்கு வெளிச்சம்."

"இல்ல டாக்டர். குழாயத் திருப்பினப்ப வெளிச்சம் நகந்துச்சு, அது நகரல. நான் கண்ணால பாத்தேன்."

"உங்களுக்கு எத்தனை வாரம் பயிற்சி?"

"பதினாறு."

"படத்துல இல்லாததுக்கு நான் எப்படிம்மா விமானம் அனுப்பறது?"

அன்று மாலை இரண்டு தடவை முழுப் படத்தை அனுப்பிப் பார்த்தாள். இரண்டு தடவையும் அறுந்தது.

மூன்றாம் நாள் காலையில் நஸ்தாசியா மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, தண்ணி குடுத்தா கடைவாயில வழியுது. விளையாடறான்னு ஒரு அடி வேற வச்சிட்டேன்கா."

மாத்ரோனா முழந்தாளிட்டாள். "வலிக்குதாடி கண்ணு?"

எங்கள் ஆற்றங்கரையில் 'ஆமாம்' என்று சொல்ல வாய் திறப்பதில்லை, புருவத்தைத் தூக்குவோம். எலேனா தூக்கினாள். இடது புருவம் ஏறியது. வலது அசையாமல் கிடந்தது.

"என்னக்கா? என்ன ஆச்சு அவளுக்கு? வாயத் தொறந்து சொல்லேன்!"

மாத்ரோனா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மறுமுனையில் வேறு ஒருத்தி எடுத்தாள்.

"பிள்ளைக்கு முகம் ஒரு பக்கம் விழுந்துடுச்சு. காதுக்குள்ள இருக்கறது நரம்ப அமுக்குது. விமானம் வேணும், இப்பவே."

"டாக்டர் இன்னொரு நோயாளியோட இருக்காங்க. முகத்தப் படம் எடுத்து அனுப்பிடுங்க. பாத்துட்டுச் சொல்வாங்க."

வெளியே காற்று தகரக் கூரையை உலுக்கியது. மாத்ரோனா கேமராவை உயர்த்தினாள்.

"இன்னொரு தடவ சொல்லு கண்ணு. வலிக்குதா?"

படம் விழுந்தது. பொத்தானை அழுத்தியதும் இயந்திரம் அதைச் சுருக்கிக் காட்டியது. நெற்றியில் இரண்டு மங்கிய கறைகள். எது ஏறியது, எது கிடக்கிறது என்று தெரியவில்லை.

நாற்காலியில் எலேனா அந்த ஒற்றைப் புருவத்தை இன்னும் இறக்காமல் பிடித்திருந்தாள்.