நாலு கதவு வண்டி

அந்த மாதிரி வண்டியை எந்தக் கம்பெனிக்காரனும் செஞ்சிருக்க மாட்டான்னு நான் ஊரெல்லாம் அடிச்சுச் சொன்னேனுங்க. சந்தையில சொன்னேன், கோயில்ல சொன்னேன், நாமக்கல் கோர்ட்டு வாசல்லயும் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளந்தான், ஒத்துக்கறேன். புருசன் ஜெயிலுக்குப் போற நெலமையில யாருக்குத்தான் நீளாது?

எங்கூட்டுக்காரர் பூபதி, வாசலூர்பட்டி அருணாசலத்துக்கிட்ட டிரைவர். அருணாசலம் ஏலத்துல எடுத்தது ஒரு அறுபத்தி நாலாம் வருசத்துப் பிக்கப்பு. பிக்கப்புன்னா முன்னால ரெண்டு கதவு, பின்னால தொட்டி, அவ்வளவுதானுங்களே. இதுக்கு நாலு கதவு, ரெண்டு வரிசை சீட்டு, அதுக்கும் பின்னால முழுநீளத் தொட்டி. மலையில மட்டுமில்ல, சேலத்துலயே அப்படி ஒண்ணை எவனும் பார்த்ததில்லை. ரெண்டாயிரத்தி ஒண்ணு ஆனி மாசம், பலாப்பழமும் சனமுமா இறங்கறப்ப கொண்டை ஊசி வளைவுல அந்த வண்டி கீழ போயிருச்சு. ஆலத்தூர் நாட்டு வெள்ளையன் அண்ணனோட சம்சாரம் இருசாயி அங்கயே செத்துட்டா. கேசு எங்கூட்டுக்காரர் மேல.

வண்டி ரெண்டாக் கெடந்துச்சு. முறிஞ்சது பின் சீட்டுக்கு அடியில, வண்டியோட அடிச்சட்டம் இருக்குல்ல, அந்த சேசிஸ்ல இரும்புப் பட்டை வெச்சு ரிவிட் அடிச்சு ஒட்டுப் போட்ட எடம். அடிவாரத்து மெக்கானிக் குழந்தைசாமி குனிஞ்சு பார்த்துட்டு, எவனோ பட்டறையில அறுத்து நீட்டின வேலை இது, கம்பெனி வேலையில்லைன்னாரு. போதாதா எனக்கு? செம்மேட்டுச் சந்தையில அருணாசலத்தை மறிச்சு, அறுத்த வண்டியைக் குடுத்து ஒரு உசுரைக் கொன்னயே, நாசமாப் போவன்னு மண்ணை வாரித் தூத்தினேன். எடுத்தப்பவே அப்படித்தான் இருந்துச்சும்மான்னு சொல்லிட்டு அவர் துண்டை உதறிக்கிட்டுப் போனாரு.

கம்பெனி செய்யலைன்னு எழுத்துல வாங்கிட்டு வா, கேசு முதலாளி பக்கம் திரும்பும்னு வக்கீல் சொன்னாரு. வெள்ளையன் அண்ணன் ஊட்டுக்கும் போய், வண்டி முறிஞ்சுதான் விழுந்துச்சு, எழுத்துல வாங்கியாரேன்னு சொன்னேன். பொண்டாட்டியைப் பறிகுடுத்த மனுசன் என்னை உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தாரு. யார் மேல தப்புன்னு தெரிஞ்சாப் போதும் அம்மிணி, அது தெரியாமத்தான் தூக்கம் வரலைன்னாரு.

வண்டி செஞ்ச கம்பெனியைத் தேடி மெட்ராஸுக்கு மூணு தடவை போனேன். ரெண்டு தடவை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டானுங்க. மூணாந்தடவை நான் போட்ட சத்தத்துல, பழைய வரைபடங்களைப் பார்த்துக்கற பெரியவர் ஒருத்தர் உள்ள கூப்பிட்டாரு. முறிஞ்ச வண்டியை எடுத்த போட்டோ என்கிட்ட இருந்துச்சு, அதை வாங்கிப் பார்த்துட்டு, பாய் மாதிரி சுருட்டி வெச்சிருந்த ஒரு காயிதத்தை மேசையில விரிச்சாரு.

நாலு கதவு. முழுநீளத் தொட்டி. சீட்டுக்கு அடியில பட்டை, பதினோரு ரிவிட். போட்டோவுல எண்ணினேன், அதுலயும் பதினொண்ணு. எஸ்டேட்டுக்காரங்க கேட்டாங்கன்னு ரெண்டு டஜன் வண்டி கம்பெனியே நீட்டிக் குடுத்துச்சாம். நேத்து வரைஞ்சு வெச்சுட்டு என்னை ஏமாத்தறீங்களான்னு கத்தினேன். அவர் கோவிச்சுக்கல. ஒரு நோட்டை எடுத்துத் திருப்பி ஒரு வரியில விரலை வெச்சாரு. எங்க வண்டியோட சேசிஸ் நம்பரு. அட சாமி, கேசுக் காயிதத்துல இருந்த நம்பரோட ஒவ்வொண்ணா ஒத்துப் பார்த்தேன், அதேதான்.

அதையே எழுதி சீல் போட்டுக் குடுத்தாங்க. ஊடு வந்து சேர்ந்தப்ப எங்கூட்டுக்காரர் களத்துல மிளகு காயப் போட்டுட்டிருந்தாரு. காயிதத்தைப் படிச்சுக் காட்டி, பின்ன வண்டி ஏனுங்க முறிஞ்சுதுன்னு கேட்டேன். அப்பவும் எனக்கு அவர் மேல துளி சந்தேகமில்லைங்க. அவர் காயிதத்தைப் பார்க்கவே இல்லை.

"விழுந்ததுக்கு அப்புறந்தான் முறிஞ்சுது, பரிமளா. இஞ்சினை அமத்திட்டு நியூட்ரல்ல வந்தேன். கியர் புடிமானம் இல்லாம பிரேக்கு சூடேறிப் போயி நிக்கல."

டீசல் மிச்சம் பண்ண எல்லா டிரைவரும் பண்றதுதான்னாரு. மிச்சமாற டீசல் ஊட்டுக்குத்தானே வந்துச்சு, உன் தோட்டத்து மோட்டாருக்குன்னாரு. ஆமாங்க, வாரம் ஒரு கேன் வரும். நாந்தான் ஊத்துவேன். எங்கிருந்து வருதுன்னு ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

மறுநாள் காலையில, காயிதம் கெடைச்சுதான்னு கேட்டுக்கிட்டு வெள்ளையன் அண்ணன் வந்தாரு. எங்கூட்டுக்காரர் உள்ள போயிட்டாரு. அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. காயிதத்தைத் தலைகீழாப் புடிச்சுக்கிட்டு, என்ன போட்டிருக்கான் அம்மிணின்னு கேட்டாரு. நான் எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாரு.

"வண்டி மேல குத்தமில்லீங்கண்ணா. இவர் இஞ்சினை அமத்திட்டு எறக்கினாரு. மிச்சமான டீசலை நான் மிளகுத் தோட்டத்து மோட்டாருக்கு ஊத்தினேன்."

அவர் அப்படியே மண்ணுல உக்காந்துட்டாரு.