கண்ணாடிக்கு இங்கால சொன்ன பாங்கு

ரஸீனின் லீவு முடியப் போகிறது என்பதற்காக என் வயிற்றைக் கிழித்தார்கள். இதை நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

மூத்தவள் ஒப்பரேஷனில் பிறந்தவள். அதனால் இதுவும் அப்படித்தான் என்று முன்பே முடிவு. கண்டியில் எங்கள் டொக்டர் குறித்த நாளுக்கு முன்பே என் புருஷன் ரஸீன் கட்டாருக்குத் திரும்பியாக வேண்டும். அவரைப் பெற்றவர், என் மாமி ஆஸியா உம்மா, பிறந்த பிள்ளையின் காதில் முதலில் தொழுகை அழைப்பான பாங்குதான் விழ வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"மூத்தவள்ட காதுலயும் அவனுக்குப் பாங்கு செல்லக் கெடைக்கல்ல. இந்தப் புள்ளக்கி வாப்பாதான் செல்லோணும். முந்தி எடுக்கச் செல்லுங்க."

நுரையீரல் இன்னும் முற்றவில்லை, மூச்சுக்குத் திணறும், இரண்டு கிழமை பொறுங்கள் என்று டொக்டர் படித்துப் படித்துச் சொன்னார். ரஸீன் கெஞ்சிக் கூத்தாடி நாளை முன்னுக்கு இழுத்தார். என்னிடம் யார் கேட்டார்கள்? வயிறு மட்டும்தானே என்னுடையது!

மகன் பிறந்தான். வீறிட்டு அழவில்லை, முனகினான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கு அடியில் குழி விழுந்தது. பாங்கு சொல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்ற வாப்பாவைத் தாண்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிசுப் பிரிவின் கண்ணாடி அறைக்கு ஓடினார்கள். தொற்று வந்துவிடும் என்று அவரை உள்ளே விடாமல் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள்.

பயண நாளும் வந்தது. அவர் என் கட்டிலருகே வந்தார்.

"பாங்கு செல்லிட்டேன் அபீபா. கண்ணாடிக்கு இங்கால நிண்டு."

"புள்ளக்கிக் கேட்டிச்சா?"

"வேன் வந்திட்டு," என்றார். போய்விட்டார்.

பிறகு நான் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்ப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலைமாட்டில் அவன் நெஞ்சுத் துடிப்பைக் காட்டும் மெஷின் பீப், பீப் என்று ஓயாமல் கத்தியது. யா அல்லாஹ், அந்தச் சத்தம் நின்றுவிடக்கூடாது என்று நான் அழாத நேரமில்லை.

அல்லாஹ் காப்பாற்றினான். கெலிஓயா வீட்டுக்கு வந்துவிட்டோம். நேற்று ரஸீன் வீடியோவில் வந்தார். மாமி போனைப் பிள்ளையின் காதருகே பிடிக்க, அவர் உருகி உருகிப் பாங்கு சொன்னார். பிள்ளை வீறிட்டுக் கத்தினான். திடீரென்று அடங்கி, கண்ணை விரித்துக்கொண்டு எதையோ தேடினான்.

"பாத்தீங்களா உம்மா! வாப்பாட சத்தம் வெளங்குது!" ரஸீனின் முகமெல்லாம் சிரிப்பு.

"இல்ல," என்றேன். "ரோட்டுல லொறி பின்னுக்கு எடுக்குறாங்க. பீப், பீப்னு கேக்குது. அவன் கேட்டு வளந்த சத்தம் அதுதான்."

சிரிப்பு அப்படியே நின்றது. மாமி என்னை முறைத்தார். முறைக்கட்டும்.